டேஷ்போர்டு வெளியே வரட்டும்

நான் ஸ்பானரைக் கீழே வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் எப்போதாவது மெக்கானிக் தம்பிகள் உங்கள் பட்டறைப் பக்கம் டீ குடிக்க வந்தால், யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. "அண்ணாச்சி, அருமனையில வச்சு ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்க டேஷ்போர்ட கழத்துனியளாமே, கை நடுங்கலியா?"

நடுங்கியது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் நடுங்கவில்லை. எந்த இடத்தில் நடுங்கியது என்பதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால், நான் டீயை நிம்மதியாகக் குடிக்கலாம்.

டேஷ்போர்டை எப்படிக் கழற்றுவது என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு இப்போது செல்போனிலேயே படம் ஓடுகிறது. நான் சொல்வதைவிட அது தெளிவாகவே இருக்கிறது. முதலில் பேட்டரியைக் கழற்று, ஏர்பேக்கின் பக்கம் அவசரப்பட்டுக் கையை நீட்டாதே, எந்த ஸ்குரூ எந்த ஓட்டையில் இருந்தது என்று குறித்து வை என்றெல்லாம் அதில் வருகிறது. நல்லது. படத்தில் வராத ஒன்று உண்டு. நீங்கள் பாதி கழற்றிய டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பீர்கள். வண்டிக்காரன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, "என்னண்ணு சொல்லுங்க" என்பான். அப்போது என்ன சொல்வது என்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை.

சுனாமி வந்த காலத்தில் நான் குளச்சல் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் எங்கள் கைக்கு வந்ததெல்லாம் கடலில் முங்கி எழுந்த வண்டிகள்தான். வீட்டு ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் கொண்டுவந்து விட்ட வண்டிகளும் அதில் உண்டு. அவர்களிடம் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பேசாமல் கழற்றினோம், கழுவினோம், பூட்டினோம். கடல் ஒரு வண்டிக்குள் எப்படி நுழையும், எங்கே போய்த் தங்கும் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அது கீழிருந்து ஏறும். தரைவிரிப்புக்கு அடியில் சேறு இருக்கும். சீட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டில் துரு ஏறியிருக்கும். கதவுக்குள் கையை விட்டால் மணல் வரும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சில வருடங்கள் கழித்து அருமனையில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி நானும் தங்கராஜும் சேர்ந்து ஒரு ஷெட் போட்டோம். தங்கராஜ் என் வயதுக்காரன். கை சுத்தம், வாய்தான் அப்படி இல்லை. ஒரு மழைக்காலத்துக் காலையில், ஒரு ரெக்கவரி வண்டி கருநீல நிறத்தில் ஒரு சாமானைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கியது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. உயரம் என் இடுப்பு அளவுகூட வராது. முன்கண்ணாடி அப்படியே மல்லாந்து படுத்திருந்தது.

தங்கராஜ் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "லேய், இது காரா தவளையா? இதுக்குள்ள குனிஞ்சு வேல பாத்தா நம்ம ரெண்டு பேரையும் பொறவு ஆரு நிமித்துவா?"

வண்டிக்காரன் பெயர் ஆன்றோ. கடற்கரை ஊர்ப் பையன், முப்பது வயது இருக்கும். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை. விடுமுறையில் வந்திருந்தான். முந்தின நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு திற்பரப்பு அருவிக்குப் போயிருக்கிறான். திரும்பும்போது பொழுது மங்குகிற நேரம், நல்ல மழை. ஒரு வளைவில் முன்விளக்கு இரண்டும் அணைந்து, மீட்டர் முள்ளெல்லாம் கீழே விழுந்து, வண்டி அப்படியே செத்துவிட்டது. எதிரே ரப்பர் தடி ஏற்றிய லாரி. லாரிக்காரர் ஒடித்துப் பிடித்து நிறுத்தியதால் இருவரும் பிழைத்தார்கள். மனைவிக்கு அது ஐந்தாம் மாதம்.

"மழைன்னா போதும் அண்ணாச்சி, முள்ளு எல்லாம் ஒண்ணா படுத்துரும். வெயில் அடிச்சா ஒண்ணும் அறியாத பிள்ள மாதிரி ஓடும். ரெண்டு மூணு இடத்துல காட்டியாச்சு. அவங்க பாக்கும்போ ஒண்ணும் இல்ல. பொறவு இன்னொண்ணு, வளைவுல திரும்பும்போ உள்ள என்னமோ உருளுது. கறகறன்னு."

உருளுகிற சத்தத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் பார்த்த யாரோ ஒரு ஸ்குரூவை உள்ளே தவறவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மழைக்கு மட்டும் வருகிற கோளாறுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காய்ந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் பிடிபடாது. எங்கள் ஷெட்டோ ரப்பர் மரத்தடியில் எப்போதும் ஈரத்தில் ஊறிக்கொண்டிருப்பது, அதனால் வண்டி அங்கேயும் செத்துக் காட்டியது. ஸ்கேனர் வைத்திருக்கிற ஒரு தம்பியை வரவழைத்துப் பார்த்தோம். அவர் மெஷின் ஒன்றல்ல, ஒரு கூட்டம் கோளாறுகளைக் காட்டியது. அவரே சொன்னார்: "எல்லாமே ஒரே சமயத்துல கெட்டுப்போயிருக்காது அண்ணாச்சி. எல்லாத்துக்கும் பொதுவா உள்ள எர்த் எங்கயோ விட்டுப்போவுது." சரியான பேச்சு. அந்த எர்த், அதாவது வயரெல்லாம் வந்து வண்டியின் உடம்போடு சேர்கிற போல்ட், இருந்த இடம் டேஷ்போர்டுக்குப் பின்னால், முன்கண்ணாடிக்கு நேர் அடியில். கையை விட வழியே இல்லை. மொத்த டேஷ்போர்டையும் வெளியே எடுத்தால்தான் உண்டு.

அந்த வண்டியின் டேஷ்போர்டை நாங்கள் இருவரும் அதற்கு முன் தொட்டதே இல்லை. ஒரு பிளாஸ்டிக் கொக்கி முறிந்தால்கூட மாற்றுக்கு எங்கே போவது என்று தெரியாது. ஆன்றோவிடம் அதை ஒளிக்காமல் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. "கழத்துங்க அண்ணாச்சி. நான் கடலுக்குப் போன பொறவு எனக்க பெண்டாட்டிதான் இத ஓட்டுவா. காரணம் தெரியாம நான் போவமாட்டேன்."

வேலையைத் தொடங்கினோம். ஆன்றோ பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தான். வண்டி அவனுடைய கூட்டுக்காரன், அதாவது சிநேகிதன், சாபு வைத்திருந்து இவனுக்குக் கொடுத்தது. சாபு கொச்சிக்காரன். மேடையில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே ஷிப்ட். ஆன்றோவின் அப்பா இறந்த செய்தி கடலுக்கு வந்தபோது, கரைக்குப் போகிற ஹெலிகாப்டரில் தன் இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்து, தன் அக்கா கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தவன் அந்த சாபு. பிறக்கப்போகிற பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கப்போவதும் அவன்தான் என்று முடிவாகியிருந்தது. இதையெல்லாம் ஆன்றோ பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தான்.

மதியத்துக்கு முன் அவன் அம்மா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். திரேசம்மாள் என்று பெயர். கையில் தூக்குச்சட்டி நிறைய சோறும் சாளை மீன் குழம்பும். முந்தானை முனையில் எதையோ சின்னதாக முடிந்து வைத்திருந்தார். வெற்றிலையாக இருக்கும் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, வண்டியைப் பார்க்க வாகாக உட்கார்ந்துகொண்டார்.

"சரியாவுமா தம்பி?"

"ஆவும் அக்கா. பைய பாக்குதோம்."

"ரெண்டு ஆளுக்குள்ள எடம் மட்டும் இருக்க வண்டிய வாங்கிட்டு வந்திருக்கான். பெண்டாட்டி ஏறுனா முடிஞ்சுது. நான் இதுல ஒருக்கா கூட ஏறினது இல்ல."

"உன்னைய ஏறச் சொன்னா நீதான் குனிய முடியாதுன்னு சொன்ன" என்றான் ஆன்றோ.

"குனிய முடியாதுதான்" என்றார் அவர்.

மீட்டர் வந்தது, நடுவிலிருந்த பெட்டி வந்தது, ஏர்பேக் பத்திரமாகத் தனியே போனது. பெரிய போல்ட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டோம். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று மட்டும் பாக்கி. டேஷ்போர்டின் மேல் விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து உள்ளே டார்ச் அடித்தேன். எர்த் போல்ட்டைச் சுற்றியும் அதன் பக்கத்துக் கனெக்டர் மேலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. இடையிடையே பச்சைக் களிம்பு. மழைக்காலத்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அந்த இடமே நசநசவென்று கசிந்துகொண்டிருந்தது. கோளாறு கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரு சந்தோஷம். அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. என் தோளுக்கு மேலாக ஆன்றோவின் தலை வந்தது. விரலை நீட்டி அதைத் தொட்டான், நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு" என்றான். முகம் அப்படியே மாறிப்போனது. "கடல்ல முங்குன வண்டி அண்ணாச்சி இது. கழுவித் தொடச்சு எனக்க தலையில கெட்டிட்டான்."

நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்துச் சாபுவைக் கூப்பிட்டுவிட்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

"சாபு, நீ தந்த வண்டிக்குள்ள கட்டி கட்டியா உப்பு கெடக்குடா. எனக்க பெண்டாட்டி நேத்து லாரிக்கடியில போயிருப்பா. வயித்துல பிள்ளையோட."

"எடா, ஞான் உன்னெ சதிக்குமோ? அந்த வண்டி கடல் கண்டிட்டேயில்ல" என்றது அந்தப் பக்கக் குரல். உன்னை ஏமாற்றுவேனா, அது கடலையே பார்க்காத வண்டி என்று மறுபடி மறுபடி சத்தியம் செய்தான். பாவம், எதற்கு அடி விழுகிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

"நான் சொன்னா நம்பமாட்ட. மெக்கானிக் சொல்லுவாரு, கேளு. இதோட உனக்கும் எனக்கும் முடிஞ்சுது." ஆன்றோ போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "சொல்லுங்க அண்ணாச்சி. கடல்வெள்ளம் கேறுன வண்டிதானே? குளச்சல்ல நீங்க பாக்காததா?"

கை நடுங்கியது இங்கேதான்.

உங்களில் பலருக்கு இந்த இடம் வரும், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். கண்ணுக்கு முன்னால் உப்பு இருக்கிறது. கடலில் முங்கிய வண்டிகளைக் கைநிறையப் பார்த்தவன் என்று எனக்குப் பெயரும் இருக்கிறது. வண்டிக்காரன் எதைக் கேட்க விரும்புகிறான் என்பதும் தெரிகிறது. "ஆமா" என்ற ஒரு சொல் போதும். அவனுக்குக் கோபம் கொட்ட ஒரு ஆள் கிடைப்பான், எனக்குக் கெட்டிக்காரன் என்ற பேர் கிடைக்கும். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். காலையில் சீட்டுகளை வெளியே எடுத்து வைத்தது நான்தான். போல்ட்டெல்லாம் பளபளவென்று இருந்தன. விரிப்புக்கு அடியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கடல் வந்திருந்தால் கீழே ஒன்றும் செய்யாமல் நேரே மேலே ஏறி உட்கார்ந்திருக்குமா?

"டேஷ்போர்டு வெளிய வரட்டும்" என்றேன். "பொறவு சொல்லுதேன்."

"உப்பு கண்ணுக்கு முன்னால இருக்கு. பொறவு என்ன சொல்ல இருக்கு? நீங்களும் அவனுக்க ஆளா?"

"நான் ஆருக்க ஆளும் இல்ல மக்கா. ரெண்டு போல்ட்டு பாக்கி கெடக்கு. அதுக்கு முன்ன எனக்க வாயிலேருந்து ஒண்ணும் வராது."

அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் போனைக் கொண்டுபோய் ஸ்டூல் மேல் வைத்தான். "லைன்லயே இருடா. இப்பம் தெரியும் ஒனக்கு" என்று சாபுவிடம் சொன்னான். திரேசம்மாள் நாற்காலியில் அசையாமல் இருந்தார். நான் அவரைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

கடைசி இரண்டு போல்ட்டையும் கழற்றினோம். நான் ஸ்டியரிங் பக்கம், தங்கராஜ் இடது கதவுப் பக்கம். தவளைக்குள்ளிருந்து ஒரு பெரிய சாமானை உரசாமல், முறிக்காமல் எடுக்க வேண்டும். இடது கதவு வழியாகச் சாய்த்து வெளியே கொண்டுவரும்போது உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. கறகற. இன்னும் கொஞ்சம் சாய்த்தோம். கண்ணாடிக்குக் காற்று போகிற குழாய் வழியாகக் கறுப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள் தங்கராஜின் காலடியில் விழுந்து நாலா பக்கமும் ஓடின.

"எலிப்புழுக்க" என்றான் தங்கராஜ்.

டேஷ்போர்டை மேசைமேல் இறக்கிவிட்டு ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது, மேலெல்லாம் சுருக்கம். குறட்டில் வைத்து நசுக்கினேன். ஷெட்டில் பெட்ரோல் வாடையையும் மீறி அந்த நெடி மூக்கில் ஏறியது.

"எலி மிளகு போடுமாலே?" என்றேன்.

வண்டிக்குள் மறுபடி டார்ச் அடித்தேன். இப்போது முழுதாகத் தெரிந்தது. காற்றுக்குழாயின் ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. மேலிருந்து விழுந்ததெல்லாம் அந்த இடைவெளி வழியாக நேரே எர்த் மேல் இறங்கியிருக்கிறது. அடியில் பழைய உப்பு, சாம்பல் நிறத்தில் கட்டி தட்டிக் கிடந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒன்று. அதற்கும் மேல் இன்னும் பரல் கரையாத புது உப்பு. கடல் இப்படித் தவணை தவணையாக வராது.

நான் திரும்பிப் பார்த்தேன். திரேசம்மாள் எழுந்து நின்றிருந்தார். கை முந்தானை முடிச்சைப் பிடித்திருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் குருசடிகளை, சிலுவை நட்ட சின்னக் கோயில்களை, பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேர்ச்சை நேர்ந்தவர்கள் உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வீட்டுக்கும் கொண்டுவருவார்கள். கடலுக்குப் போகிற வள்ளத்தில் கொஞ்சம் போடுவார்கள், குழந்தை தூங்குகிற இடத்தில் கொஞ்சம் வைப்பார்கள். அது கூட இருந்தால் ஒரு தைரியம்.

ஒரு யோசனை எனக்கு வந்தது உண்மை. பேசாமல் துடைத்துவிட்டு, "என்னமோ அழுக்கு" என்று சொல்லி முடித்துவிடலாமா என்று. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நான் மறைத்தால் இவர் தப்பிப்பார், ஸ்டூல் மேல் போனில் காத்திருக்கிறவன் மாட்டிக்கொள்வான். அவன் செய்யாத தப்புக்கு அவனைப் பலிகொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக அம்மாவைக் கைகாட்டவும் முடியவில்லை. ஆன்றோவைக் கூப்பிட்டேன். அவன் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி நாலு மிளகை அதில் வைத்தேன்.

அவன் கையைப் பார்த்தான். வண்டிக்குள் இருந்த உப்பைப் பார்த்தான். கடற்கரைப் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மெதுவாகத் திரும்பினான்.

"அம்மா."

"நாந்தான் மக்கா" என்றார் திரேசம்மாள். "நீ வண்டி கழுவப் போட்டிருக்கும்போ போட்டேன். கண்ணாடிக்குக் கீழ உண்டியலுக்க ஓட்ட மாதிரி நீளமா இருந்துது. அதுக்குள்ள போட்டா ஆரும் எடுத்துக் களைய மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"எத்தன தடவ?"

"வண்டி நின்னுபோச்சுன்னு நீ வந்து சொல்லும்போது எல்லாம் கொஞ்சம் கூடப் போட்டேன். போட்டது பத்தல்லியோன்னு." முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். புது உப்பும் மிளகும். "இன்னிக்கும் கொண்டாந்திருக்கேன்."

"போடப் போட நின்னிருக்கு. நிக்க நிக்கப் போட்டிருக்கிய" என்று தங்கராஜ் முணுமுணுத்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

ஆன்றோ கத்தப்போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். கத்துவதற்கு அவனுக்குக் காரணமும் இருந்தது. லாரிக்கடியில் போயிருக்க வேண்டியவன். கடைசியில் கேட்டது ஒரே வார்த்தை. "எதுக்கும்மா?"

"உன் கூட வர எனக்கு அதுல எடம் இல்லையே மக்கா. அதாச்சும் வரட்டும்னு போட்டேன்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது ஸ்டூல் பக்கத்திலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது. லைனில் இருக்கச் சொன்னவன் இன்னும் லைனில்தான் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"அம்மச்சியே," என்றது சாபுவின் குரல், "உப்பும் மிளகும் ஆயி. கொஞ்சம் இறைச்சி கூடப் போட்டிருந்தா ஞான் கப்பக்கிழங்கும் கொண்டு வந்திருப்பேனே."

முதலில் சிரித்தது தங்கராஜ். பிறகு நான். திரேசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஆன்றோ கடைசியாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். போனை எடுத்துக்கொண்டு மழையில் ரப்பர் மரத்தடிக்குப் போய்விட்டான். அங்கே நின்று நெடுநேரம் பேசினான். நான் திரேசம்மாள் விட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த "ஆமா"வைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பெரிய பாரத்தைத் தலையிலிருந்து இறக்கி வைத்தது போல இருந்தது. அன்றைக்கு அந்தச் சாளைக் குழம்புக்கு இருந்த ருசியே வேறு.

மாட்டுகிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் படத்தில் இருக்கிறது. உப்பை முழுதாகக் கழுவி, காயவைத்து, எர்த்தைச் சுரண்டி, கனெக்டரின் அரித்துப்போன பின்களை மாற்றினோம். விட்டுப்போன குழாயைப் பூட்டினோம். மிளகை ஒன்று விடாமல் பொறுக்கினோம். டேஷ்போர்டு உள்ளே போகும்போது ஒரு கொக்கி முறிந்தது. தங்கராஜ் அதைப் பசைபோட்டு ஒட்டிவிட்டுச் சாமி கும்பிட்டான், சாமி அதைக் கவனித்துக்கொண்டது. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். மீட்டரில் இருந்த விளக்கெல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. ஏர்பேக் விளக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தது. பிறகு அதுவும் அணைந்தது.

வெளியே நல்ல மழை. அந்த மழையிலேயே வண்டியை நிறுத்தி ஓடவிட்டோம். முள் அசையவில்லை.

கிளம்பும் நேரத்தில் திரேசம்மாள் அந்த முடிச்சை மறுபடி முந்தானையில் ஒளிக்கப் பார்த்தார். ஆன்றோ அதைக் கையில் வாங்கிக்கொண்டான். "அண்ணாச்சி, இத எங்க வச்சா வண்டிக்குக் கேடு இல்ல?"

இறுக்கமான மூடி போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா என்னிடம் இருந்தது, பொடி ஸ்குரூ போட்டு வைப்பது. அதைத் துடைத்துக் கொடுத்தேன். உப்பையும் மிளகையும் அதில் போட்டு மூடி, இடது சீட்டுக்கு அடியில் செருகினான். பிறகு இடது கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறும்மா. குனிய நான் பிடிக்குதேன்."

ஏறுவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் தங்கராஜ். உட்கார்ந்த பிறகு அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "தரையிலேயே இருந்து போற மாதிரி இருக்கு" என்றார். வண்டி வாசலைத் தாண்டி வளைவில் திரும்பியபோது, அவர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒட்டிய கொக்கி அந்தப் பக்கம்தான். தாங்கியது.

மாதங்கள் போய்விட்டன. ஒருநாள் ஆன்றோவின் போன். "அண்ணாச்சி, அந்தச் சத்தம் திரும்பவும் கேக்குது. வளைவுல. கறகறன்னு."

எந்த மிளகை விட்டேன், எந்தக் கொக்கி போயிற்று, இந்த அம்மா மறுபடியும் தொடங்கிவிட்டாரா என்று என்னென்னவோ நினைத்தேன். கொண்டுவா என்றேன். வந்தபோது பக்கத்து சீட்டில் தடியாக, மீசையோடு ஒரு ஆள். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வந்த சாபு. எங்கள் இருவரையும் போனில் மட்டுமே கேட்டிருந்தவன், இறங்கியதும் தங்கராஜைக் கட்டிப்பிடித்து, "எலிப்புழுக்க" என்றான்.

நான் சிரிக்கிற நிலையில் இல்லை. வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போனேன். முதல் வளைவிலேயே கேட்டது. டேஷ்போர்டில் காதை வைத்தேன், அங்கே இல்லை. சத்தம் கீழேயிருந்து வந்தது. ஷெட்டுக்குத் திரும்பி வந்து இடது சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். என் ஸ்குரூ டப்பாதான். மூடி இறுகத்தான் இருந்தது. உள்ளே உப்பு ஒரு பக்கமாகக் கட்டிப்போக, மிளகெல்லாம் தனியாக உருண்டுகொண்டிருந்தது.

அப்பாடா என்று இருந்தது. "இத ஒரு துணியில சுத்தி வச்சா போதும். சத்தம் நின்னுரும்" என்றேன்.

ஆன்றோ டப்பாவைக் கையில் வாங்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தான். பிறகு குனிந்து, எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தான்.

"சுத்த வேண்டாம் அண்ணாச்சி" என்றான். "கெடந்து பேசட்டும். அம்மைதானே."